நந்தினி உண்மையா இருந்தாளா? பிள்ளைகளோடு சோழர் படம் பார்க்கும் பெற்றோருக்கு

சரித்திரப் படம் ஒன்றைப் பிள்ளைகளோடு பார்த்தால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். சில பிள்ளைகள் தியேட்டரிலேயே காதுக்குள் கேட்பார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பும்போது காரின் பின் சீட்டில் இருந்து கேட்பார்கள். "இது உண்மையா நடந்ததா?"

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்று வந்தது. இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வந்தது. இப்போது இரண்டையும் வீட்டு டிவியிலேயே பார்க்கலாம். மழை நாள், பனி நாள் என்று ஏதாவது ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். கேள்வி மட்டும் நிற்கவில்லை.

பெற்றோர் பலர் சொல்லும் பதில் இரண்டுதான். ஒன்று, "ஓம் பிள்ளை, எல்லாம் எங்கட வரலாறு." மற்றது, "சும்மா படம்தானே, விடு." முதல் பதிலை நம்பும் பிள்ளை பத்து வருஷம் கழித்து இணையத்தில் தேடி, நந்தினி என்று ஒருத்தி இருக்கவே இல்லை என்று கண்டுபிடிக்கும். அதோடு ராஜராஜனையும் சந்தேகப்படும். இரண்டாவது பதிலைக் கேட்ட பிள்ளை கேட்கிறதையே விட்டுவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் தகவல் வேண்டும். அந்தத் தகவலைத் தருவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

எங்களுக்கு மட்டும் ஏன் இது பெரிய விஷயம்?

2000ஆம் ஆண்டு வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் ரோமப் பேரரசன் கொமடஸ் மைதானத்தில் சண்டையிட்டுச் சாகிறான். உண்மையில் அவனை 192ஆம் ஆண்டு ஒரு மல்யுத்த வீரன் கழுத்தை நெரித்துக் கொன்றான். இந்தப் பிழையால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. ஏனென்றால் ரோம் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாடம் இருக்கிறது. நூலகத்தில் தட்டுத் தட்டாகப் புத்தகம் இருக்கிறது. ஆவணப்படங்களும் கார்ட்டூன்களும் விளையாட்டுகளும் இருக்கின்றன. படம் சொன்ன பிழையை வேறு எதுவோ ஒன்று திருத்திவிடும்.

சோழருக்கு இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஒன்ராறியோவில் 4ஆம் வகுப்பில் 1500ஆம் ஆண்டுக்கு முற்பட்ட சமூகங்கள் பற்றி ஒரு பாடம் உண்டு. எந்தச் சமூகங்களைப் படிப்பிப்பது என்பது பெரும்பாலும் ஆசிரியரின் தெரிவு. எங்கள் மகளின் வகுப்பில் எகிப்தும் ரோமும் வந்தன. சோழர் வரவில்லை. வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நாங்கள் இருப்பது ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில். எங்கள் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினால் பாதி நேரம் தமிழ் கேட்கும். தமிழ்க் கடைக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் தூரம் போகவேண்டியதில்லை. அப்படியான இடத்தில் வளரும் பிள்ளைக்குக்கூட 1000 வருஷத்துக்கு முந்திய தமிழரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் படம்தான்.

அதனால் எங்களுக்குப் படம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடுவதில்லை. வேறு பாடப்புத்தகம் இல்லாததால் அதுவே பாடப்புத்தகம் ஆகிவிடுகிறது. அது மணிரத்னத்தின் குற்றமில்லை. ஒரு இயக்குநர் டிக்கெட் வாங்கி வருகிறவரைக் கதைக்குள் இழுக்கவேண்டும். மிச்ச வேலை எங்களுடையது.

கல்லில் இருந்து திரை வரை

நான் மென்பொருள் வேலை செய்கிறவன். எங்கள் வேலையில் ஒரு ஃபைலைத் திறந்தால் எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று பார்க்கலாம். கதைகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஆதித்த கரிகாலன் கொலை விஷயத்தில் ஓரளவுக்கு அப்படிப் பார்க்க முடிகிறது. மூன்று அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் அடுக்கு கல்வெட்டு. தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. அங்கே ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய ஒரு கல்வெட்டு உண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகளையும் அவர்களுடைய உறவினரின் சொத்துகளையும் பறிக்கச்சொல்லும் அரச ஆணை பற்றியது அது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர்களே இருக்கின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள் இருந்தன. ஏன் கொன்றார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை.

இரண்டாவது அடுக்கு நாவல். கல்கி இந்தக் கதையை 1950 முதல் 1954 வரை தன் வார இதழில் தொடராக எழுதினார். கல்வெட்டுப் பெயர்களை அப்படியே எடுத்தார். காரணம் இல்லாத இடத்தில் ஒரு காரணத்தை வைத்தார். ரவிதாசன் கூட்டத்தைப் பாண்டியனின் பழிதீர்க்கும் ஆபத்துதவிகள் ஆக்கினார். அவர்களின் நடுவில் நந்தினியை உருவாக்கினார். ஆனால் கொலையாளி இன்னார்தான் என்று அடித்துச் சொல்லாமல் வாசகரையே யோசிக்க விட்டார்.

மூன்றாவது அடுக்கு படம். ஐந்து பாக நாவல் இரண்டு படத்துக்குள் அடங்காது. மணிமேகலை என்ற பாத்திரமே இல்லாமல் போனது. ஆதித்தனின் கடைசி நிமிடம் அவனும் நந்தினியும் இருக்கும் ஓர் அறைக்குள் சுருங்கியது. அரசியல் கொலை ஒரு காதல் கதையின் முடிவு ஆனது.

கல்வெட்டில் இருக்கும் சங்கடமான விஷயம் ஒன்று நாவலிலும் படத்திலும் காணாமல் போகிறது. பிரமாதிராஜன் என்பது அரசு கொடுக்கும் பட்டம். சுந்தர சோழரின் மந்திரி அநிருத்தருக்கும் அதே பட்டம்தான். அப்படியென்றால் கொலைகாரர் என்று பெயர் வெட்டப்பட்டவர்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்த எதிரிகளாக இல்லாமல் சோழ அரசின் உள்ளேயே பதவியில் இருந்தவர்களாக இருக்கவேண்டும். அடுத்து, ஆதித்தன் இறந்தபிறகு அரசுக்கு வந்தவர் உத்தம சோழர். அவர் 985 வரை சுமார் 15 வருஷம் ஆண்டார். உடையார்குடி ஆணையோ ராஜராஜன் வந்த பிறகுதான் வெட்டப்படுகிறது. இதனால் உத்தம சோழர்மேல் நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. விவாதம் இன்றும் முடியவில்லை.

பிள்ளைகளுக்கு இது படத்தைவிடச் சுவையான கதை என்பது என் அனுபவம். துப்பறியும் கதைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. கொலை உண்டு, பெயர்கள் உண்டு, பட்டங்கள் உண்டு. காரணம் மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்த அடுக்குப் பிரச்சினை வேறு விதமாக வந்தது. என் மனைவியின் அம்மா யாழ்ப்பாணத்தில் தன் தகப்பன் கட்டிவைத்த கல்கித் தொடர்களில் இந்தக் கதையை வாசித்தவர். படம் பார்த்துவிட்டு வந்து, "எங்கட கதையைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று இரண்டு நாள் புறுபுறுத்தார். மதுராந்தகன் உண்மையில் செம்பியன் மாதேவியின் மகன் இல்லை, பிறந்த அன்றே பிள்ளை மாறிவிட்டது, சேந்தன் அமுதன்தான் மகன் என்பது நாவலின் பெரிய திருப்பம். படம் அதை விட்டுவிட்டது. அதுதான் அவருக்குக் கோபம். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. இணையத்தில் சோழர் வம்ச அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மம்மா, உத்தம சோழர் உண்மையாவே செம்பியன் மாதேவியின்ர மகன்தானே? அப்ப இதில படம்தானே சரி?" அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்கி எழுதினா அது வேற" என்றார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. படம் நாவலை விட்டு விலகினால் 'வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்' என்கிறோம். பல நேரம் அங்கே திரிந்தது இன்னொரு கற்பனைதான். கந்தராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர் உத்தம சோழர் என்பதே வரலாறு. எழுபது வருஷமாக வாசித்ததால் எங்களுக்கு நாவலே வரலாறு ஆகிவிட்டது. இன்னும் எழுபது வருஷத்தில் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் படம் அந்த இடத்தைப் பிடிக்கும்.

யார் இருந்தார்கள், யார் இல்லை?

பிள்ளைகள் கேட்கும்போது உடனே சொல்ல ஒரு சின்னப் பட்டியல்:

• குந்தவை: இருந்தார். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் கொடுத்த கொடைகள் கல்வெட்டில் இருக்கின்றன.
• வந்தியத்தேவன்: இருந்தார். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அவருடைய குறும்பும் குதிரைப் பயணமும் கல்கி கொடுத்தவை.
• செம்பியன் மாதேவி: இருந்தார். செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்கோயில்களாக்கியவர். படத்தில் காட்டியதைவிட வரலாற்றில் பெரிய ஆள்.
• பழுவேட்டரையர்: அந்தப் பெயரில் பழுவூர்ச் சிற்றரசர் குடும்பம் இருந்தது. சோழரோடு பெண் கொடுத்து எடுத்தவர்கள்.
• அநிருத்தர்: இருந்தார். அன்பில் செப்பேடுகள் அவருக்குக் கொடுக்கப்பட்டவை.
• ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன்: இருந்தார்கள். மந்திரம் எல்லாம் கற்பனை.
• நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன்: நால்வரும் கல்கியின் பிள்ளைகள்.

அருள்மொழி அரசை விட்டுக்கொடுத்தாரே, அது? அதற்கு ஆதாரம் உண்டு. தன் சிறிய தகப்பனுக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றை வெளியிட்டது ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் அரசு. மகனின் அரசு தகப்பனைப் பற்றிக் குறைவாகச் சொல்லுமா? கல்லில் வெட்டினாலும் செம்பில் எழுதினாலும் எழுதியவருக்கு ஒரு பக்கம் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே விளங்கும். வகுப்பில் சண்டை நடந்தால் இரண்டு பேர் சொல்லும் கதையும் ஒன்றாக இருக்காது என்று அதற்குத் தெரியும்.

எந்தக் கற்பனை பரவாயில்லை?

கற்பனையே கூடாது என்றால் இந்தப் படத்தை எடுக்கவே முடியாது. 10ஆம் நூற்றாண்டில் குந்தவை எப்படிச் சிரித்தார் என்று ஒரு கல்லிலும் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கதை சொல்கிறவர் நிரப்பத்தான் வேண்டும். ஆடை நகையும் அப்படித்தான். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடையில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. பிற்கால நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த இவை 1931இல் வெளிப்பட்டன. அதில் இருக்கிற மாதிரியே நடிகைகளுக்கு உடை கொடுத்திருந்தால் நாங்கள் பிள்ளைகளோடு போயிருக்க மாட்டோம்.

சில பிழைகள் விளையாட்டுக்கு நல்லவை. எந்தச் சோழர் படத்திலும் சாப்பாட்டுக் காட்சி வந்தால் மிளகாய் தேடச் சொல்லுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கீசர் காலத்துக்குப் பிறகு வந்தவை. ராஜராஜன் சாப்பிட்ட உறைப்பு மிளகுதான்.

நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் இன்னும் சுவாரஸ்யமானது. கதையில் கடலில் இருந்து தப்பிய அருள்மொழியைப் புத்த பிக்குகள் அங்கே வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த விகாரம் உண்மையில் இருந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் தன் தகப்பன் சூளாமணிவர்மன் பெயரில் கட்டியது அது. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுத்தார். அந்தச் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. ஆனால் இது 1006 அளவில் நடந்தது. கல்கியின் கதை நடப்பதோ அதற்கு 30 வருஷத்துக்கு மேல் முந்தி. ஆண்டு பொருந்தாது. ஆனாலும் ஒரு சைவ அரசனுக்கும் புத்த விகாரத்துக்கும் இருந்த நல்ல உறவை அந்தக் காட்சி பிள்ளைக்குக் கொண்டுபோகிறது. திகதி பிழைத்தாலும் விஷயம் பிழைக்கவில்லை.

யாருடைய பெயர் கெட்டது?

எல்லாக் கற்பனையும் இப்படி நட்டமில்லாமல் போவதில்லை. தமிழ்ப் படங்களில் இதற்குப் பெரிய உதாரணம் 1959இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. சிவாஜி வெள்ளைக்காரத் துரையிடம் பேசும் வசனத்தை எங்கள் அப்பாமார் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய வசனம். கட்டபொம்மன் பேசியது அல்ல என்று தெரிந்தாலும் ஒருவருக்கும் தீங்கில்லை.

தீங்கு வேறு இடத்தில் நடந்தது. தமிழில் காட்டிக்கொடுக்கிறவனுக்கு இன்று என்ன பெயர்? எட்டப்பன். அது ஒரு தனி மனிதனின் பெயர்கூட இல்லை. எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டப் பெயர். எட்டயபுரம் கும்பினிப் பக்கம் நின்றது உண்மை. ஆனால் தப்பியோடிய கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவரைத் தூக்கிலிட்டார்கள். நாட்டுப்பாடலும் மேடை நாடகமும் தொடங்கிவைத்ததைச் சினிமா ஊர் ஊராகக் கொண்டுபோனது. பல தலைமுறையின் குடும்பப் பெயர் ஒரே நாளில் வசவுச் சொல் ஆனது. அந்தப் பரம்பரையில் பிறந்த ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்திலும் ஒரு எட்டப்பன் இருக்கிறார். பெயர் காக்கை வன்னியன். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியைப் போர்த்துக்கீசருக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று யாழ்ப்பாண வைபவமாலை அந்தப் பெயரைச் சொல்கிறது. யாழ்ப்பாண அரசு முடிந்தது 1619இல். ஊரில் பண்டாரவன்னியன் நாடகம் பார்த்தவர்களைக் கேட்டால், பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவனும் காக்கை வன்னியன்தான் என்பார்கள். பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரைத் தாக்கியது 1803இல். ஒரே ஆள் 180 வருஷ இடைவெளியில் இரண்டு தரம் காட்டிக்கொடுக்க முடியுமா? கதைக்கு ஒரு துரோகி தேவைப்பட்டால் கையில் கிடைத்த பெயரைப் போட்டுவிடுகிறோம்.

ஆகவே 'சரியா, பிழையா' என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியும் வேண்டும். இந்தக் கற்பனையால் யாருடைய பெயர் கெடுகிறது? நந்தினி வில்லியானால் ஒருவருக்கும் நட்டமில்லை. அவள் இருக்கவே இல்லை. உண்மையில் வாழ்ந்த ஒருவர்மேல், அல்லது ஒரு சாதியின்மேல், ஓர் இனத்தின்மேல் கதை ஒரு குற்றத்தைச் சுமத்தினால் ஆதாரம் கேட்கவேண்டும்.

படத்தில் இலங்கை

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பகுதிதான் கஷ்டமானது. படத்தில் அருள்மொழி இலங்கையில் போர் செய்கிறார். அங்கே பிக்குகளே அவருக்கு இலங்கை முடியைக் கொடுக்க முன்வருகிறார்கள். அவர் மறுக்கிறார். பெருந்தன்மையான காட்சி. அது கல்கியின் கற்பனை.

வரலாறு இப்படிப் போகிறது. ராஜராஜன் காலத்தில் சோழப் படை அநுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சோழரின் தலைநகரம் ஆனது. 1017இல் ராஜேந்திரன் காலத்தில் அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் அங்கேயே இறந்தார். விகாரங்களை உடைத்துப் பொன்னை அள்ளிச் சென்றதாகச் சூளவம்சம் எழுதுகிறது. சூளவம்சத்தை எழுதியவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டுதான். ஆனால் போருக்குப் போன படை கொள்ளையடித்தது என்பது நம்பமுடியாத விஷயம் இல்லை. அந்தக் காலத்து அரசர்கள் எல்லாரும் செய்ததுதான்.

நாகப்பட்டினத்தில் விகாரத்துக்கு ஊர் கொடுத்த அதே ராஜராஜன் காலத்தில்தான் அநுராதபுரமும் விழுந்தது. இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லலாம். ஏன் சொல்லவேண்டும்? ஸ்காபரோப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு சிங்களப் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வீட்டில் சோழர் கதை வேறு மாதிரிச் சொல்லப்படும். எங்கள் பிள்ளை 'அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று சண்டைபிடிக்கக் கூடாது. 'எங்கட ஆக்கள் அப்படித்தான்' என்று பெருமைப்படவும் கூடாது. 1000 வருஷத்துக்கு முந்திய ஒரு படை செய்ததற்கு ஒன்பது வயதுப் பிள்ளை பொறுப்பில்லை. அந்த வெற்றியில் அதற்குப் பங்கும் இல்லை.

கொடியில் இருக்கும் புலியும் கேள்வி எழுப்பும். சோழரின் சின்னம் புலி. 20ஆம் நூற்றாண்டில் அதே சின்னத்தை எடுத்தவர்களைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நினைவு உண்டு. என்ன சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். அந்த இரண்டு புலிகளுக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கிறது, பின்னால் வந்தவர்கள்தான் முன்னாலிருந்ததை எடுத்தார்கள் என்பதையாவது சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை இரண்டையும் ஒரே கதையாகத் தைத்துக்கொள்ளும்.

கண்ணகிக்கு 'சரியான' கதை எது?

சோழர் கதைக்காவது கல்வெட்டு இருக்கிறது. தொன்மக் கதைகளுக்கு அதுவும் இல்லை. அங்கே அளவுகோலை மாற்றவேண்டும். 1964இல் வந்த 'பூம்புகார்' படத்துக்குக் கலைஞர் கருணாநிதி வசனம் எழுதினார். சினிமாக் கண்ணகி என்றால் பலருக்கும் விஜயகுமாரியின் முகம்தான் ஞாபகம் வரும். சிலப்பதிகாரத்தில் மதுரையை எரித்த கண்ணகி மேற்கே சேரநாட்டு மலைக்குப் போகிறாள்.

எங்கள் ஊர்களில் அவள் இலங்கைக்கு வருகிறாள். ஊர் ஊராகத் தங்கி, பத்தாவதாக வந்த இடம் பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்று முல்லைத்தீவுப் பக்கம் சொல்வார்கள். அங்கே வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிறார்கள். மட்டக்களப்பில் வைகாசிச் சடங்கும் குளிர்த்தியும் வழக்குரை பாடுவதும் உண்டு. சிங்கள மக்கள் அதே கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

இதில் எது சரி என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊரில், யார், எதற்காக இப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். ராவணனுக்கும் இதே விதிதான். ராமாயணப் படம் எது வந்தாலும் 'எங்கட ராவணனைக் கேவலப்படுத்திவிட்டார்கள்' என்று ஒரு சத்தம் வரும். கோபப்படுவதற்கு முதல், திருகோணமலையில் ராவணன் வெட்டு என்ற இடத்துக்குச் சொல்லும் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள். ஒரே பெயருக்கு இரண்டு கதை இருக்கலாம் என்று அதற்குத் தானாகவே விளங்கும்.

வீட்டில் செய்து பார்க்கலாம்

இதற்காக வரலாற்று வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் சரிவந்த சில விஷயங்கள்:

படத்துக்கு முன், ஒரு தாளில் குடும்ப மரம் கீறுங்கள். சுந்தர சோழர், அவருடைய பிள்ளைகள் ஆதித்தன், குந்தவை, அருள்மொழி. மறுபக்கம் கந்தராதித்தர், செம்பியன் மாதேவி, மகன் உத்தம சோழர். பத்து நிமிட வேலை. அரசு யாருக்கு என்ற சண்டை அந்த மரத்திலேயே தெரியும்.

படம் ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தி, 'இது பிழை' என்று சொல்லும் அப்பாவோடு படம் பார்க்க ஒருவருக்கும் பிடிக்காது. பிள்ளை நந்தினிக்காக அழுதால் அழட்டும்.

படம் முடிந்தபிறகு அதே தாளில் மூன்று பெட்டி போடுங்கள். கல்லிலும் செம்பிலும் இருப்பது. எழுத்தாளர் சேர்த்தது. படம் மாற்றியது. பிள்ளையே ஒவ்வொரு பாத்திரத்தையும் பெட்டியில் போடட்டும். தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள்.

தாத்தா பாட்டியிடம் கதையைக் கேட்க விடுங்கள். அவர்கள் சொல்வது படத்தோடும் வரலாற்றோடும் பொருந்தாமல் இருக்கலாம். அது நான்காவது பெட்டி. எங்கள் தாளில் அதற்கு 'அம்மம்மா சொன்னது' என்று தலைப்பு.

கையால் தொட முடியாவிட்டாலும் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். ரொறன்ரோவின் ரோம் அருங்காட்சியகத்தில் தென்னாசியச் சிற்பங்களுக்கு ஒரு பகுதி இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் போகலாம். அடுத்தமுறை இலங்கைக்குப் போனால் பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈஸ்வரத்தைப் பாருங்கள். சோழர் கட்டிய கற்கோயில் இன்னும் நிற்கிறது.

வயதுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லுங்கள். ஆறு, ஏழு வயதுக்கு, 'ராஜராஜன் இருந்தார், நந்தினி கதை' என்பது போதும். பத்து வயதுக்கு உடையார்குடிக் கொலை வழக்கைச் சொல்லலாம். பதின்மூன்றுக்கு மேல் அநுராதபுரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எட்டப்பன் என்ற சொல்லை வீட்டில் யாராவது பாவித்தால், அது எங்கே இருந்து வந்தது என்று அந்த வயதுப் பிள்ளையே எடுத்துச் சொல்லும்.

தலைப்பில் இருக்கும் கேள்விக்குப் பதில் இதுதான். நந்தினி இருக்கவில்லை. ஆனால் ஆதித்தன் என்று ஓர் இளவரசன் இருந்தான். அவனைத் தன் அரசுக்கு உள்ளேயே இருந்த சிலர் கொன்றார்கள். அவர்களுடைய பெயர் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்கு முதலில் தமிழ் வாசிக்கத் தெரியவேண்டும் என்றும் மெதுவாகச் சொல்லிப்பாருங்கள். அடுத்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கொஞ்சம் குறைவான சண்டையோடு வெளிக்கிடுவார்கள்.